சரமாரி என்று நான் எழுதினேன்

மூன்றாவதுதான் சரியான விடை. சரமாரியைப் பிரித்தால் சரம் கூட்டல் மாரி. பென்சிலை இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் ரொம்ப நேரமாக ஆட்டிக்கொண்டே வருகிறீர்கள், பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் புத்தகத்துக்கு மெய்ப்புப் பார்த்தது நான்தான். அச்சுக்குப் போவதற்கு முன்னால் எழுத்துப் பிழை, எண் பிழை எல்லாம் பார்த்துத் திருத்திக் கொடுப்பது. டவுனில் ஒரு கைடு கம்பெனியில் அதுதான் என் வேலை. அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம். அடுத்த கேள்வி செந்தமிழ். அது உங்களுக்கே வந்துவிடும்.

சரம் என்றால் அம்பு. மாரி என்றால் மழை. அம்பு மழை. அந்தக் காலப் போரில் ஒருவன் விடாமல் எய்தால், அம்புக்கும் அம்புக்கும் நடுவில் இடைவெளி தெரியாமல் மழை மாதிரி விழும். அதைச் சொல்ல உண்டான சொல். அப்புறம் வில் போனது, அம்பு போனது, துப்பாக்கி வந்தது. சொல் மட்டும் போகவில்லை. பேப்பர்காரர்கள் எடுத்துவைத்துக்கொண்டார்கள். சரமாரியாகச் சுட்டனர், சரமாரியாக வெட்டினர், சரமாரியாகக் கல் வீசினர், சரமாரியாகக் கேள்வி கேட்டனர். எங்கே துப்பாக்கி என்று எழுதினாலும் பக்கத்தில் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

தேர்வுக்கு இவ்வளவு போதும்.

என்ன கேட்டீர்கள்? இந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் எப்படி இவ்வளவு விவரம் தெரியும் என்றா? புத்தகத்தில் இருப்பதெல்லாம் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். பல வார்த்தைகளுக்கு எனக்கு எழுத்து மட்டும்தான் தெரியும். இதற்குத்தான் இவ்வளவும் தெரியும். தெரிந்துகொள்ள வேண்டி வந்தது.

நான் ஆலம்பாறைப் பிரிவில் இறங்க வேண்டும். இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. நீங்கள் படிக்க வேண்டுமானால் படியுங்கள். இல்லையென்றால் சொல்கிறேன். இன்றைக்கு இதை இன்னொருவரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் நல்லது.

எனக்கு ஒரு அக்கா. செங்கமலம். எல்லாரும் கமலம் என்பார்கள். அவள் எட்டாவதோடு நின்றுவிட்டாள். நான் நின்றுவிடாமல் இருப்பதற்காக நின்றாள், அப்படித்தான் சொல்ல வேண்டும். வெங்காய மண்டியில் காய் ஆய்கிற வேலைக்குப் போய் என்னைக் காலேஜ் வரை படிக்கவைத்தாள். பி.ஏ. தமிழ். எங்கள் தெருவில் முதல் டிகிரி என்னுடையதுதான். அந்த மண்டியிலேயே மூட்டை தூக்குகிறவர் அன்புராசா மாமா. அக்காவைக் கட்டிக்கொண்டார். நான் படிப்பதில் அக்காவைவிட அவருக்குத்தான் பெருமை. என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "வாங்க புலவரே" என்பார். அக்காவுக்கு நான் எப்போதும் பாப்பாதான்.

என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. நல்ல வார்த்தை எங்கே பார்த்தாலும் அதில் எழுதிவைப்பேன். நான் இப்போது பேசுவதை வைத்து என்னவோ பெரிய வீட்டுப் பெண் என்று நினைத்திருப்பீர்கள். காலேஜில் முதல் வாரம் ஒரு பெண் நான் பேசியதை அப்படியே பேசிக் காட்டினாள். "கெடக்கு, வச்சிருக்கு, அந்தாண்ட." வகுப்பே சிரித்தது. அன்றையிலிருந்து எழுதுவது போலவே பேசப் பழகினேன். இன்றைக்குவரை மாற்ற முடியவில்லை. வீட்டுக்குப் போனாலும் இப்படித்தான் வருகிறது.

மாமாவுக்கு அந்த நோட்டு ஒரு விளையாட்டு. தினம் மண்டியிலிருந்து வந்ததும், "இன்னைக்கு என்ன புது வார்த்தை, புலவரே?" என்பார். ஒரு நாள் 'சரமாரி' சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். அதற்கப்புறம் ஒரு மாதம் வீட்டில் அதுதான். "கமலம், சோத்தைச் சரமாரியாப் போடு." "இன்னைக்கு லோடு சரமாரியா வந்துச்சு, தோளு போச்சு." அக்கா கரண்டியை ஓங்குவாள். "இந்தா, சரமாரியா வாங்கப் போறீங்க."

அந்த வார்த்தை எங்கள் வீட்டுக்குள் வந்தது அப்படித்தான். சிரித்துக்கொண்டேதான் வந்தது.

இந்த பஸ் அப்போது பிரிவில் நிற்காது. ஊருக்குள்தான் நிற்கும். பிரிவிலிருந்து ஊர் ஒரு கிலோமீட்டர். பிரிவை ஒட்டி இருக்கிற எங்கள் காலனி ஜனம் ரோட்டோரமாகவே நடந்து ஊருக்குப் போய் ஏற வேண்டும், ஊரில் இறங்கித் திரும்பி நடக்க வேண்டும். ஒரு கிழவர் லாரியில் அடிபட்டார். ஒரு பிள்ளைத்தாய்ச்சி ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூன்று மனு எழுதினேன். மூன்றும் நல்ல மனு. 'மேதகு', 'தயைகூர்ந்து', 'ஆவன செய்யுமாறு'. மாமா ஒவ்வொரு மனுவையும் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்பார். மூன்றாவதைக் கேட்டுவிட்டு, "எழுத்து நல்லாத்தான் இருக்கு புலவரே, டிரைவருக்குத்தான் புரியணும்" என்றார். மூன்றுக்கும் ரசீதுச் சீட்டு வந்தது. பஸ் நிற்கவில்லை.

பிறகுதான் மறியல் என்று முடிவு செய்தார்கள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஆவணி மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. எண்பது, தொண்ணூறு பேர் இருப்பார்கள். பெண்கள் அதிகம். அக்கா தர்ஷினியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். தர்ஷினி அவள் மகள், அப்போது மூன்று வயது.

கல் விழுந்தது. அதை நான் மறைக்க மாட்டேன். பஸ்ஸின் முன் கண்ணாடியில் ஒரு கல். எறிந்தது யார் என்று தெரியாது, ஆனால் எங்கள் பக்கத்திலிருந்துதான் வந்தது. ஒன்றுதான். அதற்கப்புறம் போலீஸ் சுட்டார்கள். மாமா செத்துப்போனார்.

நான் அங்கே இல்லை. கம்பெனியில் கணக்குப் புத்தகத்துக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது. அந்தச் சத்தத்தை நான் கேட்கவே இல்லை. இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான்தான் மறந்துவிட்டேன்.

அரசாங்கம் விசாரணைக்கு ஒருவரைப் போட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி. பார்த்தவர்கள் எல்லாரும் பிரமாண வாக்குமூலம் எழுதி, நோட்டரி முத்திரை வைத்துக் கொடுக்கலாம் என்று பேப்பரில் அறிவிப்பு வந்தது. எங்களுக்காக ஒரு வக்கீல் காசு வாங்காமல் வந்தார். நல்லவர். அவர் கையில் அந்த மாதிரி முப்பது வாக்குமூலம். "அந்தந்த வீட்டுல படிச்சவங்க எழுதி எடுத்துட்டு வாங்க, நான் பாத்துக் கொடுத்துடறேன்" என்றார். எங்கள் வீட்டில் படிச்சவள் நான்.

அன்றைக்கு மத்தியானம் அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பு. நான் பேடும் பேனாவுமாக எதிரில்.

"நீ நிதானமாகச் சொல் அக்கா. நான் எழுதிக்கொள்கிறேன்."

"கண்ணாடி ஒடஞ்சுச்சா, கூட்டம் ஓடுச்சு. இவரு ஓடல. 'ஓடுனா நாமதான் எறிஞ்சோம்னு ஆயிரும், நில்லு'ன்னாரு. நானும் நின்னேன். அப்பதான்..."

சொம்பில் ஒரு தடவை நகத்தால் தட்டினாள். டொக்.

"தொடையில. அப்படியே குந்திட்டாரு. ரோட்டுலயே. ரத்தம் பெருசா வரல அப்ப. என்னைப் பாத்தாரு. ஒரு காலுச் செருப்பு தெறிச்சுப் போயி அந்தாண்ட கெடந்துச்சு. 'கமலம், செருப்பு அந்தாண்ட கெடக்கு பாரு, எடு. எவனாச்சும் மிதிச்சு வாரை அறுத்துடப் போறான்'னாரு."

அவளுக்கு லேசாகச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது.

"எந்திரிச்சு நடந்துரலாம்னு நெனைச்சிருக்காரு பாப்பா. இல்லன்னா செருப்பு எதுக்கு?"

அப்புறம் பேசவில்லை. தர்ஷினி தூக்கத்தில் சிணுங்கினாள், அவளைத் தட்டிக்கொடுத்தாள். அவிழ்ந்த முடியை முடிந்துகொண்டாள். வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் காத்திருந்தேன். துக்கத்தில் பேச்சு அறுந்துவிட்டது, பாவம் என்று நினைத்தேன். நேரம் வீணாகிறதே என்றும் நினைத்தேன். வக்கீலிடம் ஐந்து மணிக்குள் போக வேண்டும். அந்த நேரத்தில், ஆரம்ப வரியை எழுதிவிடுவோமே என்று எழுதினேன்.

அப்புறம் அவள் மறுபடி சொம்பில் தட்டினாள். டொக்.

"நான் செருப்பை எடுத்துட்டுத் திரும்புறேன், ரெண்டாவது. நெஞ்சுல."

அவ்வளவுதான் அவள் சொன்னது. நான் என்ன எழுதினேன் என்று வார்த்தை மாறாமல் சொல்கிறேன். ஒன்பதாம் பத்தி. 'அப்போது காவலர்கள் எவ்வித முன்னறிவிப்புமின்றிச் சரமாரியாகச் சுட்டனர். இதற்கிடையில் என் கணவர் தமது காலணியை எடுத்துத் தருமாறு என்னிடம் கூறினார். இதில் அவர் தொடையிலும் மார்பிலும் குண்டடிபட்டு உயிரிழந்தார்.'

படிக்கும்போது நன்றாக இருக்கும். அதுதான். பிழை ஒன்றுகூடக் கிடையாது.

வாசித்துக் காட்டினேன். கையெழுத்துப் போட்டாள். வக்கீல் வாசித்துவிட்டு, "யாரும்மா எழுதுனது? ரொம்ப நல்ல தமிழ்" என்றார். எனக்கு அந்த நிலைமையிலும் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. மாமா செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

போலீஸ் தரப்பில் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். அதைச் சொன்னால்தான் புரியும். கூட்டம் மேலே பாய்ந்தது, கல் வந்தது, பதற்றத்தில் தற்காப்புக்காக ஒரு காவலர் மூச்சு விடுவதற்குள் அடுத்தடுத்து இரண்டு முறை சுட்டுவிட்டார். குறி பார்க்கவில்லை. குறி பார்க்க நேரமே இல்லை. இதுதான் அவர்கள் பேச்சு. இரண்டு குண்டு என்பதை அவர்களும் மறுக்கவில்லை. எல்லாம் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருந்தது. நடுவில் நேரம் இல்லையென்றால் அது பதற்றம். ஒருவர் காலில் குண்டுபட்டு ரோட்டில் உட்கார்ந்து, பெண்டாட்டியைப் பார்த்து, செருப்பை எடு என்று சொல்லி, அவள் போய் எடுத்துத் திரும்புகிற அளவுக்கு நடுவில் நேரம் இருந்தால், அது வேறே. உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்துச் சுட்டது அது.

இதை நான் அப்போது யோசிக்கவில்லை. எனக்குத் துப்பாக்கி என்றால் சரமாரிதான். பேப்பரில் அப்படித்தான் இருக்கும்.

விசாரணை டவுனில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. அக்கா ஏழாவது சாட்சி. நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சுவரில் ஒரு பலகை தொங்கியது, 'பார்வையாளர்கள் பேசவோ குறுக்கிடவோ கூடாது' என்று. 'குறுக்கிடவோ'வில் ஒற்று எல்லாம் சரியாக இருந்தது. அதைக்கூடப் பார்த்தேன்.

போலீஸ் தரப்பு வக்கீல் கத்தவே இல்லை. மறுநாள் ஒரு பேப்பரில், 'பெண்ணிடம் சரமாரிக் கேள்வி' என்று போட்டிருந்தார்கள். அது தவறு. அவர் நிதானமாகத்தான் கேட்டார். ஒவ்வொரு கேள்விக்கும் நடுவில் ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

"இது உங்க கையெழுத்துதானேம்மா?"

"ஆமாங்கய்யா."

"ஒம்பதாவது பத்தியில 'சரமாரியாகச் சுட்டனர்'னு இருக்கு. நீங்க சொன்னதா? வேற யாராச்சும் எழுதிக் குடுத்ததா?"

அக்கா திரும்பினாள். என்னைத் தேடினாள். நான் குனிந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

"நான் சொன்னதுதாங்கய்யா."

"சரமாரின்னா என்ன அர்த்தம்மா?"

"நெறைய போடறதுங்கய்யா."

மண்டபத்தில் சிரித்தார்கள். அவள் தப்பாகச் சொல்லவில்லை. மாமா அவளிடம் அப்படித்தான் கேட்பார், சோறு.

"எத்தனை குண்டு சுட்டாங்க?"

"ரெண்டுங்கய்யா."

"ரெண்டு நெறையவாம்மா?"

"எனக்கு நெறையதாங்கய்யா."

அப்போது யாரும் சிரிக்கவில்லை. வக்கீல்கூடக் கொஞ்சம் கீழே பார்த்தார். பிறகு தண்ணீர் குடித்தார். மேஜையிலிருந்து ஒரு தடித்த அகராதியை எடுத்தார். முன்னாலேயே தாள் செருகி வைத்திருந்தார். சரம், அம்பு, மாரி, மழை, இடைவிடாது பொழிதல் என்று நீதிபதிக்கு வாசித்துக் காட்டினார். இந்தச் சொல்லுக்கு இப்படி ஒரு பிறப்பு இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். மூன்று வருஷம் தமிழ் படித்தவள், நோட்டில் எழுதிவைத்தவள். எனக்கு எழுத்து மட்டும்தான் தெரிந்திருந்தது.

"இடைவிடாமன்னு இவங்களே பிரமாணம் பண்ணிச் சொல்றாங்க. நாங்களும் அதைத்தான் சொல்றோம். மழைக்கு நடுவுல செருப்பு எடுக்கப் போனேன்னா எப்படிம்மா? அதுசரி, அவரு 'காலணி'ன்னு சொன்னாரா, 'செருப்பு'ன்னு சொன்னாரா?"

"செருப்புன்னுதாங்கய்யா."

"இதுல காலணின்னு இருக்கே?"

அக்கா மறுபடி திரும்பிப் பார்த்தாள்.

எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். 'எழுதினது நான், அவள் இப்படிச் சொல்லவில்லை' என்று. எங்கள் வக்கீல் பிடித்துக்கொண்டிருப்பார். பலகை இருந்தது, பேசக்கூடாது என்று. அந்தப் பலகை இருந்தது உண்மை. ஆனால் நான் எழுந்திருக்காததற்குப் பலகை காரணம் இல்லை. இத்தனை பேர் முன்னால் நான் எழுதியது தப்பு என்று சொல்ல வேண்டுமே என்று பயந்தேன். மறுபடியும் அந்த முதல் வார வகுப்பு மாதிரி இருந்தது. குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன் இல்லையா? அந்தத் தாளை வீட்டில் போய்ப் பார்த்தேன். ஒன்றும் எழுதவில்லை. கோடு கோடாகக் கிழித்திருந்தேன்.

திரும்பி வரும்போது இதே பஸ்ஸில் கேட்டேன். "ஏன் அக்கா நீ சொன்னதாகச் சொன்னாய்?"

"பின்ன உம்பேரை இழுத்து விடச் சொல்றியா? நாளைக்குப் பரீட்சை எழுதிக் கவர்மெண்டு வேலைக்குப் போவ. போலீசு வந்து விசாரிப்பாங்கல்ல. கேசுல பேரு இருந்தா?"

"ஆனால் அது நீ சொன்ன வார்த்தை இல்லையே."

"நீ எழுதுனா சரியாத்தான் இருக்கும்னு நெனைச்சேன். எழுத்துல அதுக்கு அப்படித்தான் பேருன்னு நெனைச்சேன்." அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அவருக்கும் புடிச்ச வார்த்தை."

நான் அதற்கப்புறம் எந்தப் பரீட்சையும் எழுதவில்லை. பரீட்சை எழுதுகிறவர்களுக்குப் பிழை பார்த்துக் கொடுக்கிறேன். போன மாதம் அந்தப் பக்கம் மெய்ப்புக்கு வந்தபோது, வேறு ஏதாவது வார்த்தை போடுங்களேன் என்று ஆசிரியரிடம் கேட்டேன். "ஏன்ம்மா, இதுல என்ன பிழை?" என்றார். ஒரு பிழையும் இல்லை சார் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மாமா செத்த மூன்றாம் மாதம் பிரிவில் பஸ் நிற்க உத்தரவு வந்தது. நிழற்குடைகூடக் கட்டிவிட்டார்கள். முதல் வருஷத் திதியன்றைக்கு நானும் அக்காவும் அங்கே நின்றுகொண்டிருந்தோம். எதிர்ப்பக்கம் போகிற பஸ் வந்தது. கண்டக்டர் ஒரு விசில் கொடுத்தார், நின்றது. ஒரு அம்மா கூடையோடு இறங்கினாள், ஒரு பிள்ளையைக் கையைப் பிடித்து இறக்கினாள், முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஓரமாக வந்து நின்றாள். மறுபடி விசில். பஸ் போனது.

"இம்புட்டு நேரம் இருந்துச்சு பாப்பா," என்றாள் அக்கா.

"எது?"

"ரெண்டுக்கும் நடுவுல. அந்த விசிலுக்கும் இந்த விசிலுக்கும் நடுவுல இருந்துச்சே, அம்புட்டு. நான் அன்னைக்குத் தட்டிக் காட்டுனேனே."

அன்றைக்குச் சொம்பில் தட்டிவிட்டு அவள் சும்மா இருந்தது துக்கத்தால் இல்லை. பேச்சு அறுந்து போகவும் இல்லை. அதையும் சேர்த்துத்தான் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். சும்மா இருந்த அந்த நேரம்தான் அவள் வாக்குமூலம். நான் அதில் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். வேண்டுமென்றுதான் விட்டேன், ஆனால் இன்றைக்கு அவளிடம் சொல்லும்போது விட முடியாது, அதனால் உங்களிடமும் சொல்லிவிடுகிறேன். வாசித்துக் காட்டினேன், கையெழுத்துப் போட்டாள் என்றேன் அல்லவா? நடுவில் அவள் ஒன்று சொன்னாள். "நல்லாத்தான் இருக்கு பாப்பா. ஆனா நான் சொன்ன மாதிரி இல்லையே?" என்றாள். நான் பேனாவைக் கையில் கொடுத்து, "எழுத்து என்றால் அப்படித்தான் அக்கா, உனக்குத் தெரியாது, போடு" என்றேன்.

உனக்குத் தெரியாது என்றேன். அங்கே நின்றவள் அவள்.

அறிக்கை வந்துவிட்டது. எங்கள் வக்கீல் எங்களைப் பற்றிய பக்கங்களை மட்டும் நகல் எடுத்துக் கொடுத்தார். இந்தப் பையில் இருக்கிறது. முப்பத்தொன்றாம் பத்தி. 'ஏழாவது சாட்சி தமது வாக்குமூலத்திலேயே சரமாரியாகச் சுடப்பட்டதாகக் கூறியிருப்பதால், இரு குண்டுகளுக்கிடையே இறந்தவர் பேசினார் என்பது பிற்பாடு சேர்க்கப்பட்ட கற்பனை என்றே கருத வேண்டியுள்ளது.' இதுவும் நல்ல தமிழ். ஒரு பிழை கிடையாது.

அதாவது செருப்பை எடு என்று மாமா சொல்லவே இல்லையாம். அவர் கடைசியாகச் சொன்னது என்று அக்கா இரண்டு வருஷமாக மனசில் வைத்திருப்பதை, அவர் சொல்லவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்துவிட்டார்கள். அந்த ஒற்றைச் செருப்பு இன்னும் வீட்டில் ஆணியில் ஒரு பையில் தொங்குகிறது. இன்னொன்றைத் தடயம் என்று கொண்டுபோனவர்கள் திருப்பித் தரவில்லை.

நேற்று போனில் அவள் தீர்ப்பு என்ன, தண்டனை உண்டா என்றெல்லாம் கேட்கவில்லை. ஒன்றுதான் கேட்டாள்.

"பாப்பா, செருப்பைப் பத்தி எழுதியிருக்காங்களா?"

"எழுதியிருக்கிறார்கள் அக்கா. நாளைக்கு நேரில் வந்து வாசிக்கிறேன்."

எழுதியிருக்கிறார்கள் என்பது பொய் இல்லை. அதுதான் என் பழக்கம், பொய் சொல்ல மாட்டேன். "அப்ப சரி, அது போதும்" என்று போனை வைத்துவிட்டாள். குரலில் அவ்வளவு சந்தோஷம். இரண்டு வருஷத்தில் நான் கேட்காத குரல். ராத்திரி முழுக்க, அதை அப்படியே விட்டுவிடலாமா என்று நினைத்தேன். அவள் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். 'பிற்பாடு', 'கருத வேண்டியுள்ளது' எல்லாம் அவளுக்குப் பிடிபடாது. நான் வாசிக்கும்போது ஒரு வரியைத் தாண்டிப் போய்விட்டால் யாருக்கும் தெரியாது. அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

ஏற்கெனவே ஒரு தடவை அவள் சொன்னதை நல்லதாக மாற்றி வாசித்தேன். இன்னொரு தடவை செய்ய முடியாது.

அதனால் உள்ளது உள்ளபடி வாசிப்பேன். அந்த வார்த்தை என்னுடையது, அதை வைத்துத்தான் அவர்கள் இதை எழுதினார்கள் என்று சொல்வேன். அப்புறம் வெள்ளைத் தாள் ஒன்று கொண்டுவந்திருக்கிறேன். அவளை மறுபடி சொல்லச் சொல்லி, அவள் சொல்கிற மாதிரியே, கெடக்கு, அந்தாண்ட, எல்லாம் அப்படியே எழுதப்போகிறேன். யாருக்கு அனுப்புவது என்று கேட்காதீர்கள். விசாரணை முடிந்துவிட்டது. வாங்கிக்கொள்ள இப்போது யாரும் இல்லை. அவள் மறுபடி சொல்வாளா என்பதே எனக்குத் தெரியாது. சொம்பை எட்ட வைத்துவிட்டு, போதும் போ என்று சொன்னாலும் சொல்வாள். சொன்னால் நியாயம்தான்.

அந்தப் பாறை தெரிகிறதா? அதை ஒட்டித்தான் நிழற்குடை. நீலப் புடவை. ஆமாம், அவள்தான். நான் வீட்டுக்கு வருகிறேன் என்றுதான் சொன்னேன், இருந்தும் வந்து நிற்கிறாள். பக்கத்தில் தர்ஷினி, கையை ஆட்டுகிறாள் பாருங்கள். சீக்கிரம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று வந்திருப்பாள்.

நான் பின்வழியாக இறங்கிக்கொள்கிறேன். உங்களிடம் ஒன்று கேட்கட்டுமா? ஒரு விசிலில் பஸ் நிற்கும். நான் இறங்கி அவளிடம் போவேன். மறுபடி விசில் வருகிறவரை புத்தகத்தைப் பார்க்காதீர்கள். வேறு ஒன்றும் செய்ய வேண்டாம். எண்ணக்கூட வேண்டாம். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு சும்மா இருங்கள். எவ்வளவு நேரம் என்று உங்களுக்கே தெரியும். எங்களைத் தவிர இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

வருகிறேன்.

இதோ, முதல் விசில்.